மஞ்சளேறிய மூடி

பல் டாக்டர் ஜெபமணி சிஷ்யனாகச் சேர்ந்தபோது அவருக்கு அறுபத்தொரு வயது. குருவுக்கு முப்பத்தாறு.

குருவின் பெயர் கோகிலவாணி. சிங்காநல்லூரில் ஒரு கட்டடத்தின் மேல்தளமும் அதற்கு மேலே இருந்த மொட்டை மாடியும் அவருடைய பட்டறை. பிளாஸ்டிக் தொழில்நுட்பம் படித்தவர். வாஷிங் மெஷின் பேனல் வார்க்கும் தொழிற்சாலை ஒன்றில் சில வருடங்கள் இருந்துவிட்டுத் தனியே வந்திருந்தார். பழைய கம்ப்யூட்டர்களின் உள்ளே அவர் கை வைப்பதில்லை. வெளிக்கூடு மட்டும்தான் அவர் வேலை. மஞ்சளேறிய மூடிகளும் விரிசல் விட்ட பெட்டிகளும் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் பார்சலில் வரும். வெள்ளையாகித் திரும்பிப் போகும்.

முதல் நாள் ஜெபமணி மாடிப்படி ஏறி வந்து மூச்சு வாங்க நின்றார்.

“கிளினிக்கை மகள்கிட்ட விட்டாச்சு. கை சும்மா இருக்க மாட்டேங்குது. எனக்கு இதைக் கத்துக் கொடுங்க டீச்சர்.”

“டீச்சர்னு கூப்பிடாதீங்க டாக்டர். எனக்கு உங்க மகள் வயசுதான் இருக்கும்.”

“மகளுக்கு இந்த வேலை தெரியாதே.”

கோகிலவாணி சிரித்துவிட்டார். அலமாரியிலிருந்து ஒரு பழைய விசைப்பலகையை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

“இதைத் திறங்க. உள்ள சுத்திலும் கிளிப் இருக்கு. உடையக் கூடாது.”

ஜெபமணி ஒரு மெல்லிய தகட்டை விளிம்பில் நுழைத்தார். வலிக்காமல் பல் பிடுங்கிப் பேர் வாங்கிய கை. கிளிப்புகள் ஒவ்வொன்றாக விடுபட்டன. கடைசிக் கிளிப் மட்டும் டக்கென்று ஒடிந்தது.

“மன்னிச்சிருங்க.”

“சத்தம் எப்படி இருந்துச்சு?”

ஜெபமணி யோசித்தார். “காய்ஞ்ச சத்தம்.”

“இனிமே அந்தச் சத்தம் வர்றதுக்கு முன்னாடியே கை நிக்கும். நாளைக்குக் காலையில வாங்க.”

அவர் வேகமாகக் கற்றுக்கொண்டார். வெளுக்கும் மருந்து அவருக்குப் புதிதல்ல. பல்லை வெளுக்கவும் அதே பெராக்சைடுதான். இங்கே அது பியூட்டி பார்லர்காரர்கள் முடிக்குப் போடும் கிரீமாக டப்பாவில் வந்தது. கையுறை போட்டுக்கொண்டு மூடி முழுக்க ஒரே சீராகப் பூச வேண்டும். காயாமல் இருக்க மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி வெயிலில் வைக்க வேண்டும். ஓர் இடம் காய்ந்தால் அங்கே திட்டு விழும். திட்டு விழுந்தால் மறுபடி முதலிலிருந்து. ஜெபமணி தொட்ட மூடிகளில் திட்டு விழவில்லை. கோகிலவாணி அவற்றைத் திருப்பிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் பார்சல் கட்டினார். அதுதான் பாராட்டு என்று ஜெபமணிக்குப் புரிந்திருந்தது.

ஒரு நாள் பெங்களூரிலிருந்து ஒரு பெட்டி வந்தது. அடியில் கோகிலவாணியின் சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பெட்டி நன்றாக மஞ்சளேறி இருந்தது.

“இது நீங்க வெளுத்ததுதானே?”

“ஆமா. நாலஞ்சு வருஷம் ஆச்சு.”

“அவங்க வெயில்ல வெச்சிருப்பாங்க.”

“இல்ல. அலமாரிக்குள்ள துணி போட்டு மூடி வெச்சிருந்தாங்க. வெயில் பட்டா மஞ்சள் சீக்கிரம் வரும். இருட்டுல இருந்தா மெதுவா வரும்.”

“வரவே வராம இருக்க என்ன பண்ணணும்?”

கோகிலவாணி கிரீம் டப்பாவின் மூடியைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினார்.

ஜெபமணிக்கு அது பதிலாகத் தெரியவில்லை. மனசுக்குள் அதையே அரைத்துக்கொண்டிருந்தார். வெளுத்த துண்டுகளின் மேல் விதவிதமான வார்னிஷ் பூசி வீட்டு ஜன்னலில் வரிசையாக வைத்தார். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நிறம் மாறின. ஒரு நாள் காலை பல் தேய்க்கும்போது அவருக்கு ஒரு யோசனை வந்தது. பழசைக் கட்டிக்கொண்டு ஏன் அழ வேண்டும்? வெள்ளை அக்ரிலிக் தகடு வெயிலில் கிடந்தாலும் மஞ்சளாகாது. பல்செட் செய்து பழகியவருக்கு அக்ரிலிக் கைவந்த பொருள். கிளினிக்கிலிருந்த ஸ்பிரிட் விளக்கைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். தகட்டை அறுத்து, விளிம்பைச் சூடாக்கி வளைத்து, சின்னச் சின்னப் பெட்டிகள் செய்து பார்த்தார். கோகிலவாணி தடுக்கவில்லை.

மழைக்காலம் தொடங்கிய சமயத்தில் சௌடேஸ்வரி வந்தார். திருப்பூரில் எம்ப்ராய்டரி யூனிட் வைத்திருப்பவர். பனியனில் கம்பெனிகளின் சின்னம் தைத்துக் கொடுக்கும் வேலை. அவருடைய தையல் மெஷினை ஓட்டுவது ஒரு பழைய கம்ப்யூட்டர். அது போனால் அந்த மெஷினுக்கு வேறு மூளை கிடையாது. ஏழெட்டுப் பெண்கள் அதை நம்பி வேலைக்கு வந்தார்கள். கம்ப்யூட்டரின் மேல்மூடியை ஒரு போர்வையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். மூடி பழுத்த வாழையிலை மாதிரி இருந்தது.

“பனியன் வாங்குற பையர் நேர்ல வர்றாங்க. இதைப் பாத்தா ஓட்டை யூனிட்டுனு நெனைச்சுட்டுப் போயிருவாங்க. மெஷினை நிறுத்திட்டு வந்திருக்கேன். சீக்கிரம் வெளுத்துக் குடுங்க.”

கோகிலவாணி வானத்தைப் பார்த்தார். “வெயில் இல்லீங்களே. வெயிலுக்குப் பதிலா யூவி விளக்குல வெச்சாலும் ஒரு வாரம் ஆகும். விளிம்பெல்லாம் வேற காய்ஞ்சு கிடக்கு, அவசரப்பட்டா உடையும். இப்போதைக்கு மஞ்சளாவே இருக்கட்டும். மூடி கெடலை.”

“பாக்கறவங்களுக்கு அது தெரியுமுங்களா?”

கோகிலவாணி அன்று பெங்களூர் ரயிலைப் பிடிக்க வேண்டும். “துடைச்சுக் கொடுத்துருங்க டாக்டர்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அவர் படியிறங்கியதும் ஜெபமணி சொன்னார், “நான் புதுசாவே பண்ணித் தர்றேன்மா. இனி ஆயுசுக்கும் மஞ்சளாகாது.”

அன்றும் மறுநாளும் பட்டறையை விட்டு அவர் நகரவில்லை. பழைய மூடியை அளவெடுத்தார். அக்ரிலிக்கை அறுத்தார், வளைத்தார், ஒட்டினார், மெருகேற்றினார். முடிந்ததும் தானே காரில் திருப்பூர் கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்தார். தைக்கும் பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். புது மெஷின் மாதிரியே இருக்கு என்றாள் ஒருத்தி. திரும்பி வரும் வழியெல்லாம் ஜெபமணி பாடிக்கொண்டே வண்டி ஓட்டினார்.

கோகிலவாணி ஊரிலிருந்து வந்ததும் ஜெபமணி போனில் எடுத்த படத்தைக் காட்டினார். மிச்சமிருந்த அக்ரிலிக் துண்டையும் கையில் கொடுத்தார்.

“அழகா இருக்கு டாக்டர். மூலை வளைவெல்லாம் அவ்வளவு சுத்தம். எனக்கு இப்படி வராது.”

அவர் மனதாரத்தான் சொன்னார். அந்தத் தைரியத்தில் ஜெபமணி கேட்டார்.

“ஒண்ணு கேக்கணும் டீச்சர். இது மஞ்சளாகவே போறதில்ல. அப்படின்னா நாம பழசை வெளுத்து வெளுத்துக் கொடுக்கிறது எதுக்கு?”

கோகிலவாணி கொஞ்ச நேரம் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“உங்க ஸ்பிரிட் விளக்கை எடுத்துட்டு மாடிக்கு வாங்க.”

மழை விட்டிருந்தது. சௌடேஸ்வரியின் பழைய மூடியும் மாடிக்கு வந்தது. ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த ஒரு கிளிப்பை அதிலிருந்து ஒடித்து, இடுக்கியில் பிடித்து, கோகிலவாணி சுடரில் காட்டினார். கிளிப் பற்றியது. கறுப்புப் புகை வந்தது. இடுக்கியை வெளியே எடுத்தார். தீ சுருங்கி அணைந்தது. மறுபடி காட்டினார். பற்றியது. எடுத்தார். அணைந்தது.

பிறகு அக்ரிலிக் துண்டை இடுக்கியில் பிடித்தார். அதுவும் பற்றியது. சுடரிலிருந்து எடுத்தார். எடுத்த பிறகும் எரிந்தது. மெல்லச் சடசடத்துக்கொண்டு, துண்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நிதானமாக நடந்தது தீ. எரியும் சொட்டு ஒன்று தரையில் விழுந்து அங்கேயும் எரிந்தது. பிறகு இன்னொன்று.

கோகிலவாணி இடுக்கியை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

“அணைக்க வேண்டாமா டீச்சர்?”

“அதுவா அணையுதான்னு பாக்குறேன்.”

ஜெபமணி வாளித் தண்ணீரை எடுத்து ஊற்றினார்.

“சௌடேஸ்வரி அம்மா தையல் ஷெட்ல தரையில என்ன கிடக்கும் டாக்டர்?”

“பஞ்சு” என்றார் ஜெபமணி. “நூலு.” சொல்லும்போதே பழைய மூடியைக் கையில் எடுத்திருந்தார். படியில் இரண்டு இரண்டாக இறங்கினார். விளக்கை அணைத்தாரா என்றுகூட அவருக்கு நினைவில்லை.

அவினாசி ரோட்டில் போகப் போகச் சௌடேஸ்வரிக்கு போன் அடித்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மெஷின் சத்தத்தில் போன் கேட்காது என்று தனக்கே சொல்லிக்கொண்டார். வேறு எதையும் நினைக்க அவர் மனம் துணியவில்லை.

ஷெட் இருந்த இடத்திலேயே இருந்தது. உள்ளே ஊசிகள் படபடவென்று இறங்கிக்கொண்டிருந்தன. அவர் செய்த வெள்ளை மூடி பளபளவென்று உட்கார்ந்திருந்தது. ஆனால் அதன் மேல் பஞ்சு ஒட்டியிருந்தது. தட்டினாலும் போகாமல், பூனை முடி மாதிரி மூடி முழுக்கப் படர்ந்திருந்தது.

“அம்மா, மெஷினை நிறுத்துங்க.”

“ஏனுங்க டாக்டர்? சாயங்காலம் லோடு போகோணும்.”

“இந்த மூடியைக் கழட்டிட்டுப் பழசைப் போடணும்.”

“நல்லாத்தானுங்க இருக்குது. நாளைக்குப் பையர் வர்றாங்க. வந்துட்டுப் போகட்டும், அப்புறம் என்ன வேணாப் பண்ணிக்குங்க.”

“நாளை வரைக்கும் விட முடியாது.”

“அட, இத்தனை பீஸ் நிக்குது பாருங்க. இப்ப நிறுத்தச் சொன்னா எப்படிங்க? நீங்கதான ஆயுசுக்கும் நல்லா இருக்கும்னீங்க?”

ஜெபமணி சுவரில் இருந்த மெயின் சுவிட்சைப் பார்த்தார். கை எட்டும் தூரம்தான். அவர் தொடவில்லை.

“சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன். வெளியே வாங்கம்மா, காட்டுறேன். ரெண்டு நிமிஷம்.”

எதிர் டீக்கடையில் தீப்பெட்டி வாங்கினார். ரோட்டோரத்தில் குந்தினார். பழைய மூடியின் அடியில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு சில்லை முதலில் கொளுத்தினார். தீக்குச்சியை விலக்கியதும் அது அணைந்தது. சட்டைப் பையில் கிடந்த அக்ரிலிக் சீவலைக் கொளுத்தினார். அது நின்று எரிந்தது. சொட்டியது. தைக்கும் பெண்களும் ஒவ்வொருத்தியாக வாசலுக்கு வந்திருந்தார்கள். சீவல் மிச்சமில்லாமல் எரிந்து தீர்ந்தது.

“இது எங்க போயித் தீப்பிடிக்கப் போகுதுங்க?” என்றார் சௌடேஸ்வரி. ஆனால் குரலில் முன்பிருந்த வேகம் இல்லை.

பின்னால் நின்ற தெய்வானை என்ற பெண் சொன்னாள், “அக்கா, ஆடி மாசம் டப்புனு ஒரு சத்தம் வந்துச்சு. கரண்டு போயிட்டு வந்தப்ப. நீங்க நூல் வாங்கப் போயிருந்தீங்க.”

“மெக்கானிக் வந்து சரி பண்ணுனாரே, அதுவா?”

“அதேதான். உள்ளுக்குள்ள ஏதோ வெடிச்சிருக்குன்னு மாத்திட்டுப் போனாரு. ஒரே கருகல் நாத்தம். ஓட்டை வழியாக் கொஞ்ச நேரம் புகை வந்துச்சு. அப்புறம் தானா நின்னுருச்சு.”

ஜெபமணி பழைய மூடியைக் கவிழ்த்தார். காற்றுத் துளைகளுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு. அளவெடுத்த அன்றே அதைப் பார்த்திருந்தார். அழுக்கு என்று நினைத்திருந்தார். இப்போது கட்டைவிரலால் தேய்த்தார். வரவில்லை. அந்த இடத்தில் பிளாஸ்டிக் கொப்புளித்துச் சுருங்கி, கல் மாதிரி இறுகியிருந்தது. தீ அதுவரை வந்திருக்கிறது. அங்கேயே நின்றிருக்கிறது.

மூடி கை மாறிக் கை மாறிப் போனது. பெண்கள் தொட்டுப் பார்த்தார்கள்.

சௌடேஸ்வரி உள்ளே போனார். மெஷின் நின்றது.

பழைய மூடியை மாட்டும்போது ஒரு பக்கம் பிடிப்பில்லாமல் ஆடியது. அங்கிருந்த கிளிப்பைத்தான் கோகிலவாணி எரித்துக் காட்டியிருந்தார். ஜெபமணி ஓரமாக ஒரு சின்னத் துளை போட்டுத் திருகாணி முடுக்கினார். மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. நின்ற நேரத்தை ஈடுகட்ட அவர் பெண்களோடு தரையில் உட்கார்ந்து, தைத்து விழுந்த பனியன்களில் தொங்கும் நூலைக் கத்தரித்தார். கொஞ்ச நேரத்தில் எல்லோரையும் விட வேகமாகக் கத்தரித்தார். “டாக்டரை இங்கயே வெச்சுக்கலாங்கக்கா” என்றாள் தெய்வானை. சாயங்காலம் லோடு போனது.

மறுநாள் பையர் வந்து பனியன்களைத் திருப்பிப் பார்த்து, தையலை நகத்தால் கீறிப் பார்த்து, ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார்கள். கம்ப்யூட்டர் இருந்த பக்கம் அவர்கள் திரும்பவே இல்லை.

வெயில் காலம் வந்தது. ஆர்டர் குறைந்த ஒரு வாரத்தில் சௌடேஸ்வரி மறுபடி மாடிப்படி ஏறி வந்தார். அதே மூடி, அதே போர்வை.

“இப்ப வேலை கம்மிங்க. நிதானமா வெளுத்துக் குடுங்க.”

ஜெபமணி மூடியை வாங்கத் தயங்கினார். “இது இப்படியே இருக்கட்டும்னு நான் நினைச்சேன்மா.”

“அது எப்படிங்க? நம்மளக் காப்பாத்துச்சுங்கறதுக்காக அழுக்காவே வெச்சிருக்கோணுமா?”

கோகிலவாணி தலையசைத்தார். ஜெபமணி மூடியை வாங்கிக்கொண்டார்.

ஆனால் அவர் உடனே கிரீம் டப்பாவைத் திறக்கவில்லை. மூடியின் விளிம்பிலிருந்து ஒரு சில்லை மட்டும் எடுத்து, அதை முதலில் வெளுத்தார். சில்லு பால் மாதிரி ஆனதும் மாடிக்குக் கொண்டுபோய் விளக்கில் காட்டினார். பற்றியது. வெளியே எடுத்தார். அணைந்தது. மறுபடி காட்டினார். மறுபடி அணைந்தது. சில்லைக் குறுக்காக ஒடித்துப் பார்த்தார். வெளுப்பு மேலே ஒரு தோலளவுக்குத்தான் இருந்தது. உள்ளே பழைய பிளாஸ்டிக் அப்படியே இருந்தது.

அதன் பிறகுதான் கையுறையை மாட்டினார். போன கிளிப்புக்குப் பதிலாக அதே வகைப் பழைய பிளாஸ்டிக்கைக் கரைத்து வார்த்து ஒன்று ஒட்டினார். மேல்பக்கம் முழுக்கக் கிரீம் பூசினார். உள்பக்கத்துக் கறுப்பை அவர் தொடவில்லை. தாளைச் சுற்றி வெயிலில் வைத்துவிட்டு, நிழல் நகர நகர மூடியைத் திருப்பிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

மூடி வெள்ளையாக வந்தது. ஒரு திட்டு இல்லை. கழுவித் துடைத்துக் கோகிலவாணியின் மேஜையில் கொண்டுவந்து வைத்தார்.

கோகிலவாணி விளிம்பைத் தட்டிச் சத்தம் கேட்டார். புதுக் கிளிப்பை விரலால் அழுத்திப் பார்த்தார்.

“இனிமே நீங்க என்னைக் கேக்க வேண்டியதில்ல டாக்டர். வர்ற பெட்டியை நீங்களே பிரிச்சு நீங்களே அனுப்பலாம்.”

“ஒரே ஒண்ணு கேட்டுக்கறேன். இது ஏன் மஞ்சளாகுதுன்னு நீங்க இன்னும் சொல்லல.”

“தீப்பிடிச்சா அணையட்டும்னு வார்க்கும்போதே ஒரு மருந்து கலந்திருக்காங்க. நிறம் மாறுறதுக்கு அதுவும் ஒரு காரணம்.”

ஜெபமணி மூடியைக் கவிழ்த்து உள்பக்கத்துக் கறுப்பைத் தொட்டுப் பார்த்தார்.

“வெளுத்ததுல அந்த மருந்து போகல.”

“போகாது. நீங்கதான் பாத்துட்டீங்களே.”

“அப்ப இதுவும் மறுபடி மஞ்சளாகும்.”

“ஆகும்.”

“சௌடேஸ்வரி அம்மா வந்து கேப்பாங்க டீச்சர். இவ்வளவு பண்ணியும் மறுபடி மஞ்சளா ஆயிடுச்சேன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்ல?”

கோகிலவாணி மூடியைப் போர்வையில் சுற்றி அவர் கையில் கொடுத்தார்.

“காவலுக்கு நிக்கிற ஆளு இன்னும் போகலன்னு சொல்லுங்க.”